நாட்டுப்படகுக்கு ஒரு கூரை வேண்டும்

ஏப்ரல் 15 பிறந்ததும் ராமேஸ்வரம், மண்டபம் துறைகளில் விசைப்படகுகள் கரையோடு ஒதுங்கிவிடும். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது. பலகை மாற்றுவது, இன்ஜினைப் பிரித்து மாட்டுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். மீன் குஞ்சுகளுக்காகப் போட்ட தடை, படகுகளுக்கும் ஓய்வு தந்துவிடுகிறது.

நாட்டுப்படகுக்காரருக்கு அப்படியொரு காலம் வாய்க்கவில்லை. தடை அவரைக் கட்டாது. சொல்லப்போனால், விசைப்படகு இறங்காத அந்த நாட்களில்தான் அவர் வலை நிம்மதியாகக் கிடக்கும். அப்போது வள்ளத்தைக் கரையேற்றிப் போட யாருக்கு மனம் வரும்? கடல் விடாத நாட்களில் வீட்டுப் பக்கத்து மணலில் இழுத்துப் போட்டுத்தான் வேலை பார்க்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடித்துப் பாக் நீரிணை கொந்தளிக்கும்போதே மழையும் கொட்டுகிறது. படகு சும்மா கிடக்கும் நேரத்தில் பலகை காய்வதில்லை.

காயாத பலகையில் செய்யும் வேலை நிற்காது. மரவள்ளம் என்றால் அடியில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்ட வேண்டும். கப்பல்புழு துளைத்த பலகையைக் கழற்றி மாற்ற வேண்டும். இடுக்கிலிருந்து பழைய பஞ்சைத் தோண்டி எடுத்துப் புதுப் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூச வேண்டும். காய்ந்த பலகை என்றால்தான் கடலில் இறங்கியபின் ஊறிப் பருத்து இடுக்கைத் தானே இறுக்கிக்கொள்ளும்.

இத்தனை பாடு எதற்கு என்று பழைய மரத்தின் மேல் ஃபைபர் பாயை ஒட்டி ரெசின் பூசிவிடுவதும் உண்டு. மரம் நன்றாகக் காய்ந்திருந்தால் அதில் தவறில்லை. ஈர மரத்தில் ரெசின் சரியாகப் பிடிக்காது. ஓரம் விட்டதும் தண்ணீர் உள்ளே புகுந்து தேங்கும். வெளியே பளபளப்பு, உள்ளே பலகை இற்றுக்கொண்டிருக்கும். கடல் தண்ணீரைவிட மழைத்தண்ணீர்தான் மரத்தை வேகமாக அழிக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மரவள்ளத்தின் காலமே முடிந்துவிட்டதே என்று கேட்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்தவையும் ஃபைபர் படகுகள்தான். அவற்றிலும் வெடிப்பு விட்டால் உப்பைக் கழுவி, சரிவாகத் தேய்த்து, ஈரம் போகக் காயவைத்த பிறகே பாய் மேல் பாயாக ஒட்ட முடியும்.

காய்ந்த மரத்தின் அருமை இந்தக் கரைக்குப் புதிதில்லை. அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன் ராமேஸ்வரம் கரையில் உறவினர் துணையோடு படகு கட்டியதை ‘அக்னிச் சிறகுகள்’ சொல்கிறது. விறகுத் தீயின் சூட்டில் மரத்தைப் பதப்படுத்தியதை அப்போது ஆறு வயதுச் சிறுவனான கலாம் கவனித்திருக்கிறார்.

அரசு பணம் கொடுக்காமல் இல்லை. இழுவைப்படகை விட்டு ஆழ்கடல் தூண்டில் படகுக்கு மாறுவோருக்காக 2017-ல் வந்த திட்டத்தில் ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய், மானியம் 70 சதவீதம். இலங்கையில் பிடிபட்டு மீட்க முடியாமல் போன நாட்டுப்படகுகளுக்கு 2022-ல் தலா ஒன்றரை லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. நாட்டுப்படகில் பொருத்தும் இன்ஜினுக்கும் மானியம் உண்டு. அந்த இன்ஜினைத் தாங்கும் பலகை மட்டும் சொந்தக்காரர் பாடு.

பாம்பன், ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் சிமென்ட் தளமும் தகரக் கூரையும் படகை இழுக்க ஒரு வின்ச்சும் கொண்ட பொதுக் கொட்டகை போதும். ஃபைபர் வேலையை முறையாகக் கற்றுத்தரும் சில நாள் பயிற்சியை அங்கேயே நடத்தலாம். கடற்கரையில் கட்டடமா என்று தயங்கவும் வேண்டாம்; பாரம்பரியப் படகு கட்டும் இடங்களுக்கு 2011-ஆம் ஆண்டு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே இடம் கொடுத்திருக்கிறது. அடுத்த வாடை தொடங்கும் முன் மீன்வளத் துறை பாம்பனிலாவது ஒன்றைக் கட்டித் திறக்கட்டும்.