நல்ல வெள்ளமாக்கும்!

சென்னையில் 'வெள்ளம்' என்று குரல் கொடுத்தால் ஜனங்கள் மொட்டை மாடிக்கு ஓடுவார்கள். தக்கலை, பத்மநாபபுரம் பக்கம் அதே வார்த்தையைச் சொன்னால் டம்ளரை நீட்டுவார்கள். அங்கே வெள்ளம் என்றால் குடிதண்ணீர். கூடவே ஒரு சான்றிதழும் இலவசம்: "நல்ல வெள்ளமாக்கும்! தைரியமா குடிக்கலாம்."

நானும் தைரியமாகக் குடித்தவன்தான். பெரியப்பா மகன் வீட்டுக் கிணறு. அண்ணன் வாளியைத் தூக்கி வைத்துக்கொண்டு பெருமையாகக் கேட்டார். "எளநீ மாதிரி இருக்குல்லா? ஒனக்கு மெட்ராஸ்ல கிடைக்குமாடே இது?"

கிடைக்காதுதான். ஆனால் என் கண் கிணற்றைத் தாண்டிப் போய்விட்டது. கிணற்றுக்கு அந்தப் பக்கம், பெரிய எட்டாக எடுத்து வைத்தால் பத்து எட்டில், கழிப்பறைக் குழி. மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரரின் குழி. அது இன்னும் கிட்டே.

ஒரு கணக்கு போடுவோம். செப்டிக் டேங்க்கிலிருந்து வரும் கழிவுநீரை மண்ணுக்குள் விடுகிற குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஏறக்குறைய 60 அடி. இந்தப் பக்கத்தில் மனை வாங்குகிறவர் கேட்பது 5 சென்ட். அதாவது 2,178 சதுர அடி. 40 அடிக்கு 54 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் கிணறு, எதிர்மூலையில் குழி என்று வெட்டினால்தான் 60 அடி தேறும். நடுவில் வீடு கட்டிக்கொள்ளலாம். சரி, அடுத்த மனைக்காரர் தன் குழியை எந்த மூலையில் வெட்டியிருக்கிறார் என்று யார் போய்க் கேட்பது?

2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். கன்னியாகுமரி மாவட்டத்தில் 1,111 பேர். ஏறக்குறைய இரண்டு மடங்கு. வீட்டுக்கு ஒரு கிணறு, வீட்டுக்கு ஒரு குழி என்பது நம் தாத்தா காலத்துத் தோப்பு வீட்டுக்குச் சரி. இப்போது தோப்பு இல்லை. கிணறும் குழியும் மட்டும் இருக்கின்றன.

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற பூமி இது. செம்மண்ணும் வெட்டுக்கல்லும் தண்ணீரைச் சட்டென்று உள்ளே விடும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறி, குழியின் அடிமட்டத்தைத் தொட்டுவிடும். தொட்ட பிறகு அது கிணற்று நீரா குழி நீரா என்று மண்ணுக்குத் தெரியாது. கிணறு நிரம்பி வழிகிறது என்று நாம் மகிழ்ந்து போகிற அதே நாட்களில்தான் அது மிகவும் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு.

கால்வாய்க் கரைக்காரர்கள் இதில் சேர்த்தி இல்லை என்று நினைக்க வேண்டாம். புத்தன் அணையிலிருந்து வரும் பத்மநாபபுரம் புத்தனாறு கால்வாயில் தண்ணீர் விட்டால் பக்கத்துக் கிணறுகள் ஊறும் என்பது கரையில் குடியிருக்கிற எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் கால்வாயில் நாம் எறிகிற கோழிக் கழிவும் ஊறும்தானே? அது மட்டும் எப்படி வேறு வழியாகப் போகும்?

இத்தனைக்கும் இது தண்ணீரைப் பெயரிலேயே வைத்திருந்த ஊர். மார்த்தாண்ட வர்மா 18-ஆம் நூற்றாண்டில் பத்மநாபபுரம் ஆக்குவதற்கு முன்பு இதன் பெயர் கல்குளம். தாலுகாவின் பெயர் இன்றும் அதுதான். அரண்மனை ஊட்டுப்புரையில் ஒரே நேரத்தில் 2,000 பேர் சாப்பிட்டிருக்கிறார்கள். அத்தனை பேரும் குடித்தது இந்த மண்ணின் தண்ணீர். இன்றைக்கு அரண்மனை பார்க்க வருகிறவர் கையில் பிளாஸ்டிக் பாட்டில். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தப் பயத்தை மோப்பம் பிடித்து வருகிறவர் ஒருவர் உண்டு. டை கட்டியிருப்பார். அண்ணன் வீட்டுக்கும் வந்தார். இரண்டு டம்ளர் வைத்தார். ஒன்றில் கிணற்று நீர், மற்றதில் அவர் விற்கிற ஆர்.ஓ. மெஷின் நீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தார். கிணற்று நீர் சேறு மாதிரி பழுப்பாகிவிட்டது. மைனி "ஐயய்யோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

வாசகர்களே, தயவுசெய்து இந்த வித்தையைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பழுப்பு, தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. கம்பியின் இரும்பு கரைந்து வருகிறது. தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் கரண்ட் பாயும், இரும்பு கரையும். ஆர்.ஓ. நீரில் உப்பு இல்லாததால் கரண்ட் சரியாகப் பாய்வதில்லை. அந்த டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். அண்ணன் உவமை சொன்ன இளநீரில் கம்பியை விட்டாலும் இதே கதிதான்.

அடுத்து அவர் பேனா மாதிரி ஒரு மீட்டரை முக்கினார். டி.டி.எஸ். பார்க்கிறாராம். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு அது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்ல தண்ணீர் என்கிறது நம் தர நிர்ணயம். அண்ணன் கிணற்றில் நூறைக்கூடத் தொடவில்லை. 500-க்குக் கீழே இருக்கிற இடங்களில் ஆர்.ஓ. மெஷினைத் தடை செய்ய வேண்டும் என்று 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே சொன்னது. இருக்கிற கொஞ்சநஞ்ச உப்பையும் எடுத்துவிட்டு, எடுத்ததற்குக் கூலியாகக் குடம் குடமாகத் தண்ணீரைச் சாக்கடையில் விடுகிற மெஷின் இந்த ஊருக்கு எதற்கு?

விஷயம் என்னவென்றால், அந்த மீட்டருக்குக் கிருமி தெரியாது. கழிப்பறைக் குழியிலிருந்து நேராக ஒழுகிய கிருமி லட்சக்கணக்கில் இருந்தாலும் 'நல்ல தண்ணீர்' என்றுதான் காட்டும். குடிநீரில் 100 மில்லியில் ஒரு ஈ.கோலி கூட இருக்கக் கூடாது என்பது விதி. அதைச் சோதிக்க டை கட்டியவர் வேண்டாம். 1982-ல் குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வக விஞ்ஞானிகள் எளிய வழி ஒன்றைக் கொடுத்தார்கள். மருந்து தோய்த்த காகிதம் உள்ள சின்ன பாட்டில். தண்ணீரை ஊற்றி மூடி, ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும். கறுத்தால் மலக் கிருமி இருக்க வாய்ப்பு அதிகம். எனக்கும் கெமிஸ்ட்ரிக்கும் பள்ளிக்கூடத்தோடு உறவு முடிந்துவிட்டது. பி.காம். படித்தவனுக்கே புரிகிற பரிசோதனை இது.

ஒன்று வாங்கிப் போய் அண்ணன் வீட்டில் வைத்தேன். மறுநாள் சாயங்காலம் பாட்டில் கறுப்பு மை மாதிரி ஆகியிருந்தது. அண்ணன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியண்டாம். கிணத்தைப் பழிச்சோம்னு நெனைப்பான்" என்றார்.

கிணறு நம் சொந்தப் பொறுப்பு. குழாய்?

கனடாவில் வாக்கர்டன் என்று ஒரு சிற்றூர். ஐயாயிரம் பேர் இருப்பார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதம் பெருமழை. ஆழமில்லாத ஒரு கிணற்றுக்குள் மாட்டுச் சாணக் கிருமி இறங்கிக் குழாய் வழியாக ஊருக்குப் போனது. 2,300 பேருக்கு நோய். 7 பேர் செத்துப்போனார்கள். விசாரித்தபோது தெரிந்தது, ஊழியர்கள் பல வருடமாகக் குளோரினைச் சரியாகப் போடாமலே ரெஜிஸ்டரில் அளவை எழுதி வந்திருக்கிறார்கள். பணக்கார நாடு, படித்த ஊர்.

அவ்வளவு தூரம் எதற்கு? 2024-ல் கேரளத்தில், எர்ணாகுளம் மாவட்டம் வேங்கூரில், 200 பேருக்கு மேல் மஞ்சள் காமாலையில் படுத்தார்கள். குளோரின் போடாத குழாய்த் தண்ணீரைத்தான் எல்லோரும் காட்டினார்கள்.

கணக்குப் படித்தவன் என்பதால் கேட்கிறேன். பத்து பேர் பங்கு போட்ட கம்பெனிக்குக்கூட வருடா வருடம் ஆடிட் உண்டு. 2011-ல் 21 ஆயிரம் பேர் இருந்த நகராட்சி பத்மநாபபுரம். அந்த ஊர் குடிக்கிற தண்ணீரின் கணக்கை எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்? ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 5 பெண்களுக்குப் பரிசோதனை சொல்லித் தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அது கிராமத்துக்கு. அமெரிக்காவில் 1999 முதல் குடிநீர் கொடுக்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் சோதனை முடிவை வாடிக்கையாளருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இங்கே குடிநீர் வரி ரசீது மட்டும் தவறாமல் வருகிறது.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. குழாயில் குளோரின் வாடை வந்தால் முதலில் தண்ணீர் திறந்துவிடுகிறவரைத்தான் பிடிக்கிறோம். "என்ன அண்ணாச்சி, பிளீச்சிங் பவுடரைக் கொட்டிட்டீயளா?" குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். கொஞ்சம் வாடை வந்தால் அவர் வேலை செய்திருக்கிறார் என்று அர்த்தம். திட்டித் திட்டி அவர் கையைக் கட்டிவிட்டு, ஹோட்டலில் சீரக வெள்ளம் கேட்கிறோம். அங்கே கொதித்ததில் பச்சைத் தண்ணீரைக் கலந்து வெதுவெதுப்பாகக் கொடுக்கிறார்கள். கொதிக்க வைத்ததன் பலன் அந்த இடத்தில் முடிந்தது.

மெஷினுக்குக் கொடுக்கிற அட்வான்ஸில் 10 ரூபாயை மட்டும் எடுத்து வையுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட அது போதும். நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். என் வார்டுக்கு வரும் தண்ணீர் எந்த ஆதாரத்திலிருந்து எடுக்கப்படுகிறது? கடைசியாக எந்தத் தேதியில், எந்த ஆய்வகத்தில் கிருமிப் பரிசோதனை நடந்தது? முடிவின் நகல் வேண்டும். சென்ற மழைக்காலத்தில் கடைசித் தெருக் குழாயில் எடுத்த குளோரின் அளவுகளின் ரெஜிஸ்டர் நகலும் வேண்டும்.

30 நாளில் பதில் தர வேண்டும். வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன். அண்ணனையும் ஒரு மனு எழுதச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாமல்தான் எழுதுவாராம்.