கைதட்டலுக்குப் பிறகு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையும் அமரவிளையும் கடந்தால் வருவது உதியன்குளங்கரை. அடுத்தது பாறசாலை. அதற்கும் அப்பால் களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்கிவிடும். 1956 நவம்பர் 1ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா, அதில் வாழ்ந்த தமிழர்களையும் சேர்த்து, கேரளத்தில் நின்றுவிட்டது. பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சமில்லாத பூமி இது. அரசுப் பள்ளிகள், லண்டன் மிஷன் காலத்தில் வேர்விட்ட பள்ளிகள், கத்தோலிக்க சபையின் பள்ளிகள், நாயர் சர்வீஸ் சொசைட்டியின் பள்ளிகள் என்று மைலுக்கொன்று இருக்கும்.

பள்ளிகள் இருந்தால் ஆசிரியர் கூட்டங்களும் இருக்கும். கோடை விடுமுறைப் பயிற்சி, சனிக்கிழமைக் கூட்டம், டிசம்பர் 3ம் தேதி உலக மாற்றுத்திறனாளிகள் தினம். இந்தக் கூட்டங்களில் இப்போதெல்லாம் தவறாமல் இடம்பெறும் ஒரு நிகழ்ச்சி, உடல் குறைபாட்டோடு வாழும் ஒருவரின் தன்னம்பிக்கை உரை. எல்லைக்கு இந்தப் பக்கமும் அதே கதைதான். சக்கர நாற்காலியை நான்கு பேர் தூக்கி மேடையில் வைப்பார்கள். மேடைக்குச் சரிவுப் பாதை கிடையாது என்பதை அப்போது யாரும் கவனிப்பதில்லை. விபத்து, மருத்துவமனை, அம்மாவின் கண்ணீர், படிப்பு, பட்டம், பரிசு என்று பேச்சு போகும். ஆசிரியைகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, குரூப் போட்டோ. பிறகு அதே நான்கு பேர் நாற்காலியைத் தூக்கிக் கீழே வைப்பார்கள்.

பேசுபவரைக் குறை சொல்வதற்கில்லை. அழைத்தார்கள், வந்தார், தன் வாழ்க்கையைச் சொன்னார். கேட்டவர்களின் கண்ணீரும் பொய்யல்ல. ஆனால் திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பில் என்ன மாறுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒன்றுமில்லை.

ஆஸ்திரேலியாவில் ஸ்டெல்லா யங் என்றொரு பெண்மணி இருந்தார். எலும்பு எளிதில் முறியும் நோயோடு பிறந்தவர். பத்திரிகையாளர், நகைச்சுவைக் கலைஞர். 2014ல் சிட்னியில் ஆற்றிய உரையில் ஒரு சம்பவத்தைச் சொன்னார். மெல்போர்னில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் சட்டப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வகுப்பு தொடங்கி இருபது நிமிடம் ஆனதும் ஒரு பையன் கையைத் தூக்கி, உரையை எப்போது தொடங்கப் போகிறீர்கள் என்று கேட்டான். எந்த உரை? ஊக்கமூட்டும் உரைதான். சக்கர நாற்காலியில் ஒருவர் பள்ளிக்கு வந்தால் ஊக்கமூட்டத்தான் வருவார், பாடம் நடத்த அல்ல என்பது அவன் அதுவரை கண்டிருந்த உலகம். அவனைத் திட்டி என்ன பயன்? படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு நேரம் புன்னகைத்தாலும் அது சரிவுப் பாதையாக மாறிவிடாது என்று அதே உரையில் அவர் கேலி செய்தார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே காலமானார்.

நம் பக்கத்தில் இதற்கு நேர் எதிரான உதாரணம் மலப்புரம் மாவட்டம் திரூரங்காடி அருகே வெள்ளிலக்காட்டைச் சேர்ந்த கே.வி. ராபியா. இளம் வயதில் போலியோவால் கால்கள் செயலிழந்தவர். கல்லூரிப் படிப்பைத் தொடர முடியவில்லை. 1990ல் கேரளம் முழுக்க எழுத்தறிவு இயக்கம் சூடுபிடித்தபோது, தன் வீட்டிலேயே வகுப்பு தொடங்கினார். சிறுமிகளும் வந்தார்கள், பாட்டிகளும் வந்தார்கள். செய்தி பரவி அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். வந்தவர்களிடம் ராபியா தன் சோகத்தைச் சொல்லி அனுப்பவில்லை. ஊருக்குச் சாலை வேண்டும், மின்சாரம் வேண்டும், குடிநீர் வேண்டும் என்றார். வந்தன. அந்தச் சாலைக்கு அட்சரம் என்பதையே பெயராக வைத்தார்கள். 1991 ஏப்ரல் 18ல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. ராபியாவுக்கு 2022ல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2025ல் மறைந்தார். அவரைப் பற்றிய புகழுரைகளில் மனவலிமை நிறைய வருகிறது, சாலை ஒரு வரியில் போய்விடுகிறது. எனக்கென்னவோ சாலைதான் முக்கியமாகப் படுகிறது.

இன்னொருவர் கும்பகோணத்தில் பிறந்த மாளவிகா ஐயர். 2002ல், 13 வயதில், ராஜஸ்தானின் பிகானேரில் ஒரு கையெறி குண்டு வெடித்து இரண்டு கைகளையும் இழந்தார். கால்களும் கடுமையாகக் காயமடைந்தன. நீண்ட சிகிச்சைக்குப் பின் சென்னையில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினார். அதாவது அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார். மதிப்பெண் பட்டியலில் அவர் பெயர் மேலே வந்ததும், அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் ராஷ்டிரபதி பவனுக்கு அழைத்ததும் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுபவை. எழுதிக் கொடுத்த அந்தக் கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எத்தனை தன்னம்பிக்கை இருந்திருந்தாலும் விடைத்தாள் வெள்ளையாகத்தான் இருந்திருக்கும். மாளவிகாவே இன்று உலகெங்கும் பேசுகிற பேச்சாளர். ஆனால் 2017ல் மெட்ராஸ் சமூகப்பணிக் கல்லூரியில் அவர் முடித்த முனைவர் பட்ட ஆய்வு, ஊனமுற்றவர்களின் மன உறுதியைப் பற்றியதல்ல. அவர்களைப் பற்றி இளைஞர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பற்றியது. நோயாளி யார் என்பதை அவர் மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறார்.

(ஊனமுற்றவர் என்ற சொல்லைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். தமிழகத்தில் அது மாற்றுத்திறனாளி ஆனது. கேரளத்தில் பின்னசேஷி. 2015ல் பிரதமர் மோடி திவ்யாங் என்றார். பெயர் மூன்று முறை மாறுவதற்குள் பள்ளிக் கழிப்பறையின் கதவு ஒருமுறையாவது அகலமாகியிருக்கலாம்.)

2016ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1995ன் பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள், இதில் 21. இந்தச் சட்டமே பள்ளி, கல்லூரிகளில் விழிப்புணர்வு ஏற்படுத்தச் சொல்கிறது. எதைப் பற்றி? ஊனத்தோடு வாழும் மனித நிலையைப் பற்றியும், அவர்களது உரிமைகளைப் பற்றியும். நம் கூட்டங்களில் முதல் பாதி கண்ணீரோடு நடந்துவிடுகிறது. இரண்டாம் பாதிக்குள் மதிய உணவு வந்துவிடுகிறது.

இரண்டாம் பாதியில் சொல்ல வேண்டியது கொஞ்சமல்ல. தகுதியுள்ள மாணவருக்குத் தேர்வில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும் என்கின்றன மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள். மூன்று மணித் தேர்வு என்றால் ஒரு மணி நேரம். அது சலுகை அல்ல. மெதுவாக எழுதும் கைக்கும் மற்றக் கைக்கும் இடையிலுள்ள கணக்கு. சான்றிதழில் 40 சதவீதம் இல்லாத குழந்தை என்ன செய்யும்? 2021 பிப்ரவரி 11ல் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. எழுதும்போது கைத்தசை முறுக்கிக்கொள்ளும் கோளாறு உள்ள அவருக்கு, சிவில் சர்வீஸ் தேர்வில் சொல்வதை எழுதுபவர் மறுக்கப்பட்டிருந்தார். 40 சதவீதத்தைக் காட்டி மறுக்கக் கூடாது என்றது தீர்ப்பு. கையெழுத்து கோணலாக இருக்கிறது, சோம்பேறி என்று எத்தனை பிள்ளைகள் பிரம்படி வாங்கியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால், இந்தத் தீர்ப்பை ஆசிரியர் கூட்டங்களில் உரக்க வாசிக்கலாம் என்று தோன்றுகிறது.

மேடைக்கு வரும் பேச்சாளருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதல்ல. அவருக்குத் தெரிந்தது இதைவிட நுணுக்கமானது. எந்த ஆசிரியர் முன் பெஞ்சில் உட்கார வைத்தார், எவர் விளையாட்டுப் பீரியடில் புத்தகப் பைகளுக்குக் காவல் வைத்தார், தண்ணீர் குடித்தால் கழிப்பறை போக வேண்டியிருக்குமே என்று எத்தனை ஆண்டுகள் தாகத்தோடு உட்கார்ந்திருந்தார் என்பதெல்லாம். மலைக்கு அந்தப் பக்கம், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 1975ல் கடற்படை அதிகாரித் தேர்வில் முதுகெலும்பு அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தன் டாக்டரின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார். 2020ல் பத்மஸ்ரீ பெற்ற அவரது வாழ்க்கையில் கேட்பவர் நெகிழ எவ்வளவோ இருக்கிறது. ஆனால் சங்கம் செய்வது வேறு காரியம்: பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ச் சிறு குழந்தைகளின் குறைபாட்டை ஆரம்பத்திலேயே கண்டறிந்து பயிற்சி தருகிறார்கள். அந்தப் பணியாளர்களில் ஒருவர் பாறசாலைப் பக்கத்து ஆசிரியர்களிடம் அரை நாள் பேசினால் பொன்னாடை தேவைப்படாது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மேடையில் ஊனமுற்றவரை வரவேற்கும் பள்ளிகள் ஆசிரியர் அறையில் அவரை வரவேற்கத் தயங்குகின்றன. கேரளத்தின் அரசு உதவி பெறும் பள்ளிகளில் நியமனம் நிர்வாகத்தின் கையில், சம்பளம் அரசின் கையில். அந்தப் பள்ளிகளிலும் 1996 பிப்ரவரி முதல் 3 சதவீதமும், 2017 ஏப்ரல் முதல் 4 சதவீதமும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிப் பழைய பாக்கியையும் நிரப்ப வேண்டும் என்று அரசு உத்தரவும் உயர் நீதிமன்றத் தீர்ப்பும் வந்தன. அதை நிரப்பும்வரை மற்ற நியமனங்களுக்கு ஒப்புதல் சிக்கலானது. ஒப்புதல் கிடைக்காத ஆசிரியர்கள் சம்பளமின்றித் தவித்தார்கள். நிர்வாகங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. தவித்தவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் இருபது ஆண்டுக்கு மேல் இடங்களை நிரப்பாமல் விட்டவர்கள் மீதல்லவா திரும்ப வேண்டும்? கணக்கு டீச்சர் கண் தெரியாதவராக இருக்கும் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத் தனியாகத் தன்னம்பிக்கை உரை தேவைப்படுமா என்பது சந்தேகம்தான்.

உதியன்குளங்கரை வட்டாரத்துக்கென்றே ஒரு கேள்வியும் உண்டு. கேரள அரசு தமிழ் வழிப் பாடநூல்களையும் அச்சிடுகிறது. தமிழ் வழியில் படிக்கும் பார்வையற்ற பிள்ளைக்கு அவை பிரெய்லில் கிடைக்கின்றனவா? மார்ச் மாதத் தேர்வில் அந்தப் பிள்ளை தமிழில் சொல்லச் சொல்ல, பிழையில்லாமல் தமிழில் எழுதப் போகிறவர் யார்? இதை முடிவு செய்ய வேண்டியவர்கள் மலையாளத்தில் யோசிக்கிறார்கள். குற்றம் சொல்லவில்லை, நிலவரம் அது.

ஆகவே அடுத்த கூட்டத்துக்குப் பேச்சாளரை அழையுங்கள். அரை மணி அவர் பேசட்டும். அடுத்த அரை மணி மைக் ஆசிரியர்களிடம் போகட்டும். தமிழ்ப் பிரிவு டீச்சர் ஒருவர் எழுந்து இந்தக் கேள்வியைக் கேட்டால் மேடையில் இருப்பவருக்குப் பதில் தெரியாமல் போகலாம். ஆனால் முன்வரிசையில் கல்வித்துறை அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள், மதிய உணவுக்கு இன்னும் நேரம் இருக்கும்.