பூஞ்சணம் எல்லாம் பகையல்ல

பல வருடங்கள் தரிசாய்க் கிடந்த காணியைத் திருத்தத் தொடங்கும்போது, கடன்பட்டாவது நாம் முதலில் வாங்குவது பசளையும் பங்கசுநாசினியுமே. இந்த வழக்கத்தைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

பூஞ்சணம், அதாவது பங்கசு என்றதும் மிளகாய்ப் பழ அழுகல்தான் எமது நினைவுக்கு வருகிறது. ஆனால் மிளகாய், வெங்காயம், பயறு ஆகியவற்றின் வேர்களுக்குள்ளேயே ஒருவகைப் பங்கசு குடியிருக்கிறது. மயிரிலும் மெல்லிய இழைகளை மண்ணுக்குள் அனுப்பி, வேர் எட்டாத இடத்திலுள்ள பொசுபரசைப் பயிருக்குக் கொண்டுவருகிறது. கூலியாகப் பயிர் ஆக்கிய வெல்லத்தைப் பெறுகிறது. பொசுபேற்றுப் பசளை மிதமிஞ்சினால் பயிருக்கு அந்த உதவி தேவைப்படாது. பங்கசோ தன் கூலியைத் தொடர்ந்து எடுக்கக்கூடும். அப்போது உதவியாள் பாரமாகிறான்.

மறுபக்கமும் உண்டு. மிளகாய் அழுகலை உண்டாக்கும் பங்கசின் இனத்தைச் சேர்ந்த ஒன்று, வெள்ளரிக் குடும்பச் செடிகளைத் தாக்குவது. 1993 இல் ஆய்வாளர் இருவர் அதில் ஒரேயொரு மரபணு மாறிய வடிவத்தை ஆராய்ந்தனர். அது செடிக்குள் தீங்கின்றி வாழ்ந்ததோடு, நோயிலிருந்தும் செடியைக் காத்தது. ஆகவே நட்பும் பகையும் பங்கசின் பெயரில் மட்டும் இல்லை. மண்ணும் பயிரும் எமது கைப்பழக்கமும் அதைத் தீர்மானிப்பதில் பங்குகொள்கின்றன.

பசளையே வேண்டாம் என்பது எமது வாதமன்று. 2021 இல் இரசாயனப் பசளையைத் திடீரென நிறுத்தியதால் விவசாயி பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அளவறிந்து இடுவோம் என்பதே எமது வேண்டுகோள்.

பொசுபேற்று வாங்குமுன் மண் பரிசோதனை பற்றி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். பற்றை வெட்டிய நிலத்தை நெடுநாள் வெறுமையாக விடாதீர்கள். உயிருள்ள வேரின்றி இந்த நல்ல பங்கசு பெருகாது. முதற்போகத்தில் பயறோ கௌபியோ சணலோ விதையுங்கள். அழுகிய பழங்களைப் பறித்து அழியுங்கள். நோய் கண்டு தேவைப்பட்டால் மருந்து அடியுங்கள். நோயே இல்லாதபோது வாராவாரம் அடிப்பது வீண்செலவு. சில மருந்துகள் நல்லதையும் சேர்த்தே கொல்லும்.

இரவல் காணியில் பயிரிடுவோருக்கும் இது பொருந்தும். எல்லாவற்றையும் இழந்து மீண்டும் தொடங்கும் குடும்பத்துக்கு, மண்ணுக்குள் கூலிக்கு உழைக்கும் இந்தத் துணையையும் இழப்பது கட்டுப்படியாகாது.