பெயரைச் சொல்லும் குரல்

விளையாட்டு அரங்கின் ஒலிபெருக்கியில் ஆட்டக்காரர்களின் பெயரை அறிவிப்பவரை எவரும் கலைஞராகக் கருதுவதில்லை. வானொலி வர்ணனையாளருக்கு வாய்க்கும் புகழில் சிறு பங்கும் அவருக்கு வாய்ப்பதில்லை. அடுத்து வருபவர் யாரென்று சொல்லிவிட்டு மௌனமாகிவிட வேண்டிய பணி அது. அந்தப் பணியில் எவ்வளவு மரியாதை அடங்கியிருக்கிறது என்பதைப் பாப் ஷெப்பர்ட்டின் வாழ்வைக் கொண்டே அறியலாம்.

1951 ஏப்ரல் முதல் 2007 செப்டம்பர் வரை நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் பேஸ்பால் ஆட்டங்களுக்கு அறிவிப்பாளராக இருந்தவர் அவர். ஓய்வை நெருங்கியிருந்த ஜோ டிமாஜியோவையும், அன்றுதான் முதன்முதலாகக் களமிறங்கிய மிக்கி மேன்ட்டிலையும் முதல் நாளிலேயே அறிவித்தார். அடிப்படையில் அவர் பேச்சுக்கலை ஆசிரியர். செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். தெளிவு, சுருக்கம், பிழையின்மை என்ற மூன்றுமே அவருடைய இலக்கணம். ஆடும் இடம், எண், பெயர், மீண்டும் எண் என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வார். பேரரங்கில் ஓர் ஒலி கடைசி வரிசையை எட்டி எதிரொலித்து அடங்கச் சற்று நேரமாகும். அந்த இடைவெளியை அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் வழங்கினார். ஆட்டக்காரர் ரெஜி ஜாக்சன் அதைக் கடவுளின் குரல் என்றார்.

இன்றைய அரங்குகளில் சொந்த அணியின் பெயர்கள் இசையோடு நீட்டி முழக்கப்படுகின்றன. எதிரணியின் பெயர்கள் கடமைக்கு உதிர்க்கப்படுகின்றன. ரசிகனுக்கு உற்சாகமூட்டுவதும் அறிவிப்பாளரின் வேலைதானே என்பார்கள். அதில் நியாயமில்லாமல் இல்லை. ஆனால் ஷெப்பர்ட் இரு அணிகளையும் ஒரே தொனியில்தான் அறிவித்தார். உச்சரிப்பில் ஐயமிருந்தால் அந்த ஆட்டக்காரரிடமே கேட்டறிந்தார். ஸ்பானிய, ஜப்பானியப் பெயர்கள் பெருகிய காலத்தில் இது சிறிய காரியமன்று. பெயர் சிதைக்கப்படும்போது அதற்குரியவனும் சற்றே அந்நியனாக்கப்படுகிறான்.

டெரிக் ஜீட்டர் தம்மை அறிவிக்கும் ஷெப்பர்ட்டின் குரலைப் பதிவுசெய்து தருமாறு வேண்டினார். 2010 ஜூலையில் ஷெப்பர்ட் தம் 99ஆம் வயதில் மறைந்த பின்னரும், 2014இல் ஜீட்டர் ஓய்வுபெறும் வரை, சொந்த அரங்கில் அவர் மட்டையேந்தி வந்தபோதெல்லாம் அக்குரல் ஒலித்தது. அன்பின் அடையாளம்தான், மறுப்பதற்கில்லை. எனினும் பாதுகாக்க வேண்டியது குரலை மட்டும்தானா என்ற கேள்வி எழுகிறது. ஒலிப்பதிவு தெரிந்த பெயரை மட்டுமே திரும்பச் சொல்லும். நேற்று வந்து சேர்ந்த இளைஞனிடம் போய், "உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று அது ஒருநாளும் கேட்காது.