மோட்டார் கைகொடுக்கட்டும், மிதிப்பது நீங்களாக இருங்கள்!

"டாக்டர், பையன் ஆசைப்பட்டு வாங்கின குண்டு டயர் சைக்கிள் வீட்டுல சும்மா நிக்குது. அதுல மோட்டார் மாட்டி நான் ஓட்டலாமா?"

கேட்டவருக்கு வயது ஐம்பத்து நான்கு. வங்கி உத்தியோகம். எட்டு வருடமாகச் சர்க்கரை. இரண்டு வருடமாக வலது முழங்கால் வலி. தைலம் வாங்க வந்த இடத்தில் இப்படி ஒரு கேள்வி! பக்கத்தில் இருந்த மனைவிக்கு வந்ததே கோபம். "நீங்களே சொல்லுங்க டாக்டர். மாடி ஏறவே முடியலைங்கிறாரு. இந்த லட்சணத்துல சைக்கிளு, அதுக்கு மோட்டாரு வேற!"

எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பனியிலும் மணலிலும் புதையாமல் போவதற்காக வந்தது அந்த நாலு அங்குல டயர். நம் தார் ரோட்டில் அதை மிதிப்பது சாதாரண சைக்கிளைவிடக் கஷ்டம். பையனே அதனால்தான் ஒரு மாதத்தில் ஓரங்கட்டிவிட்டான். ஆனால் யோசிக்க யோசிக்க, அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகவே பட்டது.

முழங்கால் வலி வந்தவர்கள் செய்கிற முதல் தவறு, காலுக்கு ஒரேயடியாக ஓய்வு கொடுத்துவிடுவது. சித்த மருத்துவத்தில் அழல் கீல் வாயு என்று சொல்கிற மூட்டுத் தேய்மானத்தில், தைலமும் ஒற்றடமும் வலியைக் குறைக்கும், வாஸ்தவம். ஆனால் மூட்டைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசை. அசையாத கால் இளைக்கும். இளைத்த காலில் வலி கூடும். வலி கூடினால் அசைவு இன்னும் குறையும். இதை எங்காவது ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும்.

சைக்கிளில் உடம்பின் எடையைப் பெரும்பாலும் சீட் தாங்கிக்கொள்கிறது. அதனால் அதிக தூரம் நடக்க முடியாத பலராலும் மிதிக்க முடிகிறது. முழங்காலைப் படுத்துவது முக்கியமாக இரண்டு இடங்கள்: நிற்கிற வண்டியைக் கிளப்பும்போது, மேம்பாலம் ஏறும்போது. அங்கே மோட்டார் கைகொடுத்தால் போதுமே!

மோட்டாரில் இரண்டு வகை உண்டு. ஒன்று சக்கரத்தின் நடுவில் உட்காருவது. மற்றது பெடல் சுற்றுகிற அச்சிலேயே மாட்டுவது. மிட் டிரைவ் என்கிறார்கள். இது செயின் வழியாகத் தள்ளுவதால், நாம் போடும் கியர் மோட்டாருக்கும் உதவும். மேட்டில் லேசான கியர் போட்டால் முழங்காலுக்கும் சுகம், மோட்டாருக்கும் சுகம். கியர் இல்லாத சைக்கிளில் இந்த லாபம் கிடைக்காது. செயினும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும் என்பதையும் மறைக்கக் கூடாது.

ஆனால் மிதிக்காமலே, கைப்பிடியைத் திருகினால் ஓடுகிற வண்டி என்றால் எனக்குச் சம்மதமில்லை. அதற்கு ஸ்கூட்டரே போதுமே! மிதித்தால் மட்டும் உதவ வேண்டும். நிறுத்தினால் நின்றுவிட வேண்டும். அதிலும் காலின் அழுத்தத்தை அளந்து, அதற்கேற்பத் தள்ளுகிற சென்சார் இருந்தால் உத்தமம். பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கிற வகையில், கால் சும்மா சுற்றினாலே மோட்டார் வேலையை எடுத்துக்கொண்டுவிடும்.

'மோட்டார் உதவினால் அது என்ன உடற்பயிற்சி?' என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தார் 2016-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத 20 பேரை, மிதித்தால் உதவும் மின் சைக்கிளில் வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடமாவது ஒரு மாதம் ஓட்ட வைத்தார்கள். சர்க்கரையைக் கையாளும் திறனும், இதயத்தின் தாக்குப்பிடிக்கும் சக்தியும் முன்னேறியிருந்தன. சின்ன ஆய்வுதான். ஆனால், ஓட்டவே ஓட்டாத சைக்கிளைவிட உதவியோடு ஓட்டும் சைக்கிள் மேல் அல்லவா?

கிட் வாங்கும்போது கவனம் தேவை. சாதாரண சைக்கிளில் பெடல் அச்சு மாட்டும் இடத்தின் அகலம் 68 அல்லது 73 மில்லி மீட்டர். குண்டு டயர் சைக்கிளில் பெரும்பாலும் 100. அளக்காமல் வாங்கினால் பணம் தண்டம். 'எடுக்கறதுதான் எடுக்கறீங்க, ஆயிரம் வாட்டா எடுத்துருங்க சார்' என்று யாராவது சொன்னால் மயங்கிவிடாதீர்கள். மோட்டாரின் திறன் 250 வாட்டையோ, வேகம் மணிக்கு 25 கிலோ மீட்டரையோ தாண்டினால், நம் நாட்டு விதிப்படி அது மோட்டார் வாகனம். பதிவும் லைசென்ஸும் கேட்கும். மிதிவேகத்துக்குச் செய்த பிரேக் அந்த வேகத்தைத் தாங்குமா என்பதையும் யோசியுங்கள்.

மேலும் சில விஷயங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டை உயர்த்துங்கள். தாழ்ந்த சீட் மூட்டைக் கெடுக்கும். பிரேக் பிடித்தவுடன் மோட்டார் நிற்கும்படி மெக்கானிக்கிடம் கேட்டு மாட்டுங்கள். பேட்டரியை இரவு முழுக்கச் சார்ஜில் விடாதீர்கள். வாசலை அடைத்தும் வைக்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் கிளம்ப வேண்டாம். சட்டைப் பையில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல், மூட்டு வீக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறவே கூடாது.

நாலு மாதம் கழித்து அந்தத் தம்பதி மறுபடி வந்தார்கள். தைலம் இன்னும் வேண்டியிருக்கிறது. சர்க்கரை மாத்திரையும் தொடர்கிறது. அதை நிறுத்தச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் அன்று மாடியிலிருக்கும் என் அறைக்குக் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறி வந்தார். "இப்பல்லாம் காய்கறி வாங்க அவருதான் போறாரு டாக்டர்" என்றார் அந்த அம்மா. குரலில் பழைய கோபம் இல்லை.

வலிக்கிற காலின் சுமையைக் குறையுங்கள். வேலையைப் பறித்துவிடாதீர்கள்.