நரம்பு கிடைக்காதபோது எந்தக் குழாய்?

“நரம்பு கிடைக்கவில்லை” என்று செவிலியர் சொன்னதும் உடனிருப்போர் கலங்கிவிடுகின்றனர். நரம்பு என்று வழக்கில் நாம் சொல்வது உண்மையில் சிரை எனும் இரத்தக்குழாய். புற்றுநோய் மருந்து பலமுறை ஏறிய கையில் அது தடித்துச் சுருங்கிவிடுகிறது. அப்போது சில நாட்களோ மாதங்களோ உடலிலேயே இருக்கும் குழாயைப் பொருத்தலாம். அதைத் தேர்வதில்தான் குழப்பம்.

2021இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளிடம் மூவகைக் குழாய்களை ஒப்பிட்டது. பெரும்பாலும் மார்புத் தோலுக்கடியில் புதைக்கப்படும் ‘போர்ட்’டில், மேற்கை வழியே இதயத்தருகே செல்லும் ‘பிக் லைன்’, ‘ஹிக்மேன்’ ஆகியவற்றைவிடச் சிக்கல்கள் குறைவு என்று கண்டது. இதைக் கேள்வியுற்று, “போர்ட்டே வைத்துவிடுங்கள்” என்போர் உளர். அவ்வாய்வில் சேர்ந்தவர்களோ, மூன்று மாதமேனும் மருந்து ஏற வேண்டியவர்கள்.

நோய் முற்றிய நிலையில் எத்தனை வாரத் தேவை, வீட்டில் பராமரிப்பவர் யார் என்பதையே நாங்கள் முதலில் கேட்கிறோம். பிக் லைனுக்கு வாரந்தோறும் கட்டு மாற்றிச் சலைன் செலுத்திக் கழுவ வேண்டும், கட்டு நனையலாகாது. வெள்ளியங்காட்டிலிருந்தோ தோலம்பாளையத்திலிருந்தோ, நடக்க இயலாதவரை வாரம்தோறும் பேருந்தேற்றி அழைத்து வருவது எளிதன்று. போர்ட்டுக்கு அத்தொல்லை இல்லை. பயன்படுத்தாத காலத்தில் மாதமொரு முறை கழுவினால் போதும். ஆயினும் சிறு அறுவைச் சிகிச்சை வேண்டும். சில வாரங்களே தேவையெனில் மேற்கையோடு நின்றுவிடும் ‘மிட்லைன்’ போதும். சிரையைப் புண்ணாக்கும் கீமோ மருந்துகளை மட்டும் அதில் செலுத்தலாகாது.

இறுதி நாட்களில் பலருக்குச் சிரையே வேண்டியதில்லை என்பது எங்கள் துணிபு. வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் மெல்லிய ஊசி ஒன்றை வைத்து, மார்பினையும் வாந்தி மருந்தையும் தரலாம். வேண்டின் சலைனையும் மெதுவாகச் செலுத்தலாம். “குளுக்கோஸ்கூட ஏற்றவில்லையா என்று உறவுமுறையார் கேட்பார்களே” என்னும் தயக்கத்தை நாங்கள் அறிவோம். அந்நிலையில் குளுக்கோஸ் தெம்பு தருவதில்லை. கால் வீங்கவும் மூச்சில் சளி கரகரக்கவும் அது காரணமாகலாம். கேட்போரிடம் நாங்களே பேசுகிறோம், அழைத்து வாருங்கள். நோயாளியின் விருப்பத்தையும், அவர் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே கேட்டறியுங்கள்.

வீட்டுக்கே வந்து வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை தருவது ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

குழாயுடன் வீடு திரும்பியவருக்குக் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சலோ, கை, கழுத்தில் வீக்கமோ கண்டால், இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.