வறண்ட போரை மூடுவதற்கு முன், பாறையிடம் ஒருமுறை கேட்கலாமே!

"500 அடி இறக்கியாச்சு, புகைதான் வருது." பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கம் புதிதல்லாத பேச்சு இது. லாரி கிளம்பிப் போய்விடும். கடன் மட்டும் நிற்கும். அடுத்த போர் எங்கே போடுவது? மறுபடியும் தேங்காயும் குச்சியும்தான்.

ஏன் இப்படி?

தருமபுரியின் அடியில் இருப்பது பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் போன்ற கெட்டிப் பாறை. இது ஸ்பாஞ்ச் போல நீரை உறிஞ்சி வைக்காது. மேலே உள்ள சிதைந்த பாறையைத் தாண்டிவிட்டால், விரிசல்களில் மட்டும்தான் தண்ணீர். விரிசலில் பட்டால் ஊற்று, சில அடி தள்ளிப்போனால் புழுதி.

விரிசலை எப்படிப் 'பார்ப்பது'?

ஒலியை வைத்துத்தான். தரையில் இரும்புத் தட்டை வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். போருக்குள் இறக்கிய உணர்கருவிகள், அதிர்வு எந்த ஆழத்துக்கு எப்போது வந்தது என்று பதிவு செய்யும். கெட்டிப் பாறையில் ஒலி நொடிக்கு 5 கி.மீ.க்கும் மேல் பாயும். உடைந்த, சிதைந்த பாறையில் வேகம் குறையும்.

இன்னொரு தடயமும் உண்டு. போரில் தண்ணீர் நிற்கும்போது, அதை வெட்டிச் செல்லும் திறந்த விரிசலை அதிர்வு அழுத்தினால், அதிலுள்ள நீர் போருக்குள் பிதுங்கி, குழாய் நெடுக ஓர் அலையாக ஓடும். அந்த அலை கிளம்பிய ஆழம்தான் விரிசல் இருக்கும் இடம். பக்கத்தில் இன்னொரு போர் இருந்தால், ஒன்றில் அதிர்வை எழுப்பி மற்றதில் கேட்டு, நடுவில் உள்ள பாறையையும் ஸ்கேன் போல வரையலாம். எண்ணெய்க் கிணறுகளில் ஓ.என்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் பயன்படுத்தும் நுட்பம்தான் இது.

எல்லாம் தெரிந்துவிடுமா?

தெரியாது. விரிசலைக் காட்டுமே தவிர, எத்தனை நாள் தண்ணீர் வரும் என்று சொல்லாது. இந்த மாவட்டத்தின் பெரிய தலைவலியான ஃபுளோரைடையும் காட்டாது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், அதற்கு ஆய்வகச் சோதனைதான் வழி.

என்ன செய்யலாம்?

கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. குழந்தைகளின் உயிர் சம்பந்தப்பட்டது, அதில் சமரசமே கூடாது. ஆனால் நிரப்பும் முன், மூடி போட்டுப் பாதுகாத்து, ஒருநாள் அளந்துவிடலாம்.

ஒரு விவசாயி தனியாக இந்தச் செலவைத் தாங்க முடியாது. எனவே ஊராட்சிகளின் தோற்றுப்போன குடிநீர் போர்களிலிருந்து அரசே தொடங்கட்டும். எத்தனை அடியில் என்ன பாறை, எங்கே ஈரம் என்ற விவரத்தோடு அந்தப் பதிவுகள் எல்லோருக்கும் கிடைக்கட்டும். தோற்ற போருக்கும் பணம் கொடுத்தாயிற்று. அது சொல்லும் தகவலையாவது வாங்கிக்கொள்வோமே!